பட்டம் வாங்காமல் போன மாணவர்: அசரியா – அன்பு அம்மாள் தம்பதியர்

நம் கிறிஸ்தவக் கல்லூரியின் முன்னாள் மாணவர் பட்டியலைக் கையிலே எடுத்தால், பெயர்களுக்குப் பின்னால் எழுத்துகள் வரிசையாக நிற்கும். பி.ஏ., எம்.ஏ., பி.எல்., ஐ.ஏ.எஸ். என்று ஒரு நீளம். அதிலே ஒரு பெயருக்குப் பின்னால் மட்டும் நம் கல்லூரி கொடுத்த எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. 1893இல் சேர்ந்தார், படித்தார், பட்டம் வாங்காமலே வெளியே போனார். ஆனால் நம்மிலே உலகம் முழுவதும் தெரிந்த பெயர் எது என்று கேட்டால், முதல் வரிசையிலே சொல்ல வேண்டிய பெயர் அதுதான். வேதநாயகம் சாமுவேல் அசரியா.

ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற அளவிலே அவரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். வினாடி வினாப் போட்டியிலே ஒரு மார்க் கிடைக்கும் விஷயம் அது. ஆனால் அவருடைய வாழ்க்கையில் பாதி, இன்னொருவருடையது. அவர் மனைவி அன்பு மரியம்மாள். பேராயரின் படங்களிலே ஓரமாக நிற்கும் அந்த அம்மாளை விட்டுவிட்டு அசரியாவின் கதையைச் சொன்னால் அது அரைக் கதைதான். ஆகவே இந்தக் கட்டுரை ஒருவரைப் பற்றியது அல்ல, இருவரைப் பற்றியது.

பனங்காட்டிலிருந்து பாரிமுனைக்கு

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலே, திருச்செந்தூர்ப் பக்கம், பனையும் செம்மணலுமான பூமியில் இருக்கிறது வெள்ளாளன்விளை. அங்கே சி.எம்.எஸ். மிஷனின் சபைக் குருவாக இருந்தவர் தாமஸ் வேதநாயகம் ஐயர். அவர் மனைவி எலன் அம்மாள். ஒரு பெண் பிறந்த பிறகு நீண்ட காலம் அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. பதின்மூன்று வருஷம் காத்திருந்து, 17 ஆகஸ்டு 1874 அன்று ஆண் பிள்ளை பிறந்தது. வேதாகமத்திலே அன்னாள் ஜெபித்துப் பெற்ற பிள்ளைக்கு வைத்த பெயரையே இந்தத் தாயும் வைத்தாள்: சாமுவேல்.

1889இல் தகப்பனார் காலமானார். பையனுக்குப் பதினைந்து வயசுதான். தாயார் கண்டிப்பானவர். மெஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளியிலே மகன் படித்த காலத்தில், அங்கே விடுதியைக் கவனிக்கும் வேலையைத் தாயாரே ஏற்றுக்கொண்டிருந்தார். மகன் என்பதற்காகச் சலுகை ஒன்றும் கிடைத்திருக்காது என்று நாம் ஊகிக்கலாம். அந்தப் பள்ளிப் பருவத்திலேயே, மாணவர்களுக்குள் இருந்த சாதிப் பிரிவினையைப் போக்குவதற்காக ஒரு சகோதரச் சங்கம் தொடங்கியவர்களில் அசரியாவும் ஒருவர். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் தெலுங்கு நாட்டிலே அவர் செய்ததெல்லாம் இந்த விதையிலிருந்து முளைத்ததுதான்.

திருநெல்வேலியிலே படித்துவிட்டு, 1893இல் சென்னைக்கு வந்தார். நம் கல்லூரி என்றதும் நமக்கெல்லாம் தாம்பரத்துக் காடும், சேலையூர் ஹாலும், செயின்ட் தாமஸ் ஹாலும், ஹீபர் ஹாலும்தான் கண்முன் வரும். ஆனால் தாம்பரத்துக்கு நாம் குடிபெயர்ந்தது 1937இல்தான். அசரியா படித்தது பாரிமுனையிலே, எஸ்பிளனேடு பழைய கட்டடங்களில். எதிரே ஐகோர்ட்டு அப்போதுதான் புதிதாக எழும்பியிருந்தது. கல்லூரியிலே முதல்வர் வில்லியம் மில்லர் கொடிகட்டிப் பறந்த காலம். சேலத்துக் கே.டி. பால் இங்கேதான் அசரியாவுக்கு நண்பரானார். அந்த நட்பு கடைசி வரைக்கும் நிலைத்தது.

படித்தது கணிதம். பி.ஏ. பரீட்சை நெருங்கும் சமயத்திலே உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார். பரீட்சை எழுத முடியவில்லை. அடுத்த முறை எழுதியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதற்குள் அவர் மனசு வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1895இல் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்திலே ஊழியராகச் சேர்ந்தார். அந்தக் காலத்திலே பி.ஏ. என்றால் சர்க்கார் உத்தியோகம், வக்கீல் படிப்பு, ஊரிலே மரியாதை என்று எல்லாக் கதவும் திறக்கும். தகப்பன் இல்லாத பிள்ளை, படிக்க வைத்த தாய், இத்தனையும் இருந்தும் அவர் திரும்பிப் போய் அந்தக் கதவைத் தட்டவில்லை. வீட்டிலே எத்தனை வருத்தம் இருந்திருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

வரதட்சணை வாங்காத கல்யாணம்

ஒய்.எம்.சி.ஏ. வேலை என்பது ஓயாத பயணம். தென்னிந்தியா முழுவதும் மாணவர்களைச் சந்திப்பது, கூட்டம் நடத்துவது, வேதபாடம் எடுப்பது. 1896இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி என்ற இளைஞர் அவருக்குத் தோழரானார். இருவரும் ஒன்றாக ஊர் ஊராகச் சுற்றினார்கள். வெள்ளைக்காரரும் இந்தியரும் சமமாகப் பழகுவது அபூர்வமாக இருந்த நாட்கள் அவை. இந்த நட்பின் அருமையை அசரியா மறக்கவே இல்லை. ஒரு மிஷனெரிக்கும் ஒரு இந்தியனுக்கும் நடுவிலே எப்படிப்பட்ட உறவு இருக்க முடியும் என்பதை எடியிடம் கண்டதால்தான், அது மற்ற இடங்களிலே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

1898இல் அவருக்கும் அன்பு மரியம்மாள் சாமுவேலுக்கும் திருமணம் நடந்தது. பெண்ணும் திருநெல்வேலிப் பெண்தான். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களிலே கல்லூரிப் பாடம் படித்த முதல் சிலரில் ஒருவர். பெண்கள் எழுத்துக்கூட்டி வாசித்தாலே அதிசயமாகப் பார்த்த காலத்திலே கல்லூரி வரைக்கும் போனவர் என்றால் யோசித்துப் பாருங்கள்.

அந்தக் கல்யாணத்திலே வரதட்சணை கிடையாது. ஆடம்பரமும் கிடையாது. எளிமையாக முடித்தார்கள். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் நம் தென்பாண்டிச் சீமையிலே கல்யாணம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது சாதாரணம் இல்லை என்பது புரியும். நகை இத்தனை பவுன், ரொக்கம் இத்தனை, பாத்திரம் பண்டம் இத்தனை என்று பேசி முடித்த பிறகுதான் பாடல் பாடி ஜெபம் பண்ணுவார்கள். கடன் வாங்கிக் கல்யாணம் செய்து, வாழ்நாள் முழுவதும் வட்டி கட்டிய குடும்பங்கள் ஏராளம். மதம் மாறியது, பெயர் மாறியது, ஆலயம் மாறியது, ஆனால் இந்த ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. அதை அந்த இருபத்து நான்கு வயசுப் பையன் மாற்றினார். பெண் வீட்டாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒரு குடும்பம் எப்படித் தொடங்குகிறதோ அப்படித்தான் நடக்கும் என்பார்கள். கடனில்லாமல் தொடங்கிய இந்தக் குடும்பம், பிற்காலத்திலே ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களிடம் கடன் வாங்காதீர்கள் என்று சொல்லும் தகுதியைப் பெற்றது.

யாழ்ப்பாணம் கொடுத்த வெட்கம்

1902இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே உள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, கடல் தாண்டி நம் தமிழ்நாட்டிலே தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியிருந்தார்கள். எண்ணிக்கையிலே சிறிய சபை அது. திருநெல்வேலிச் சபையோ பெரியது, பழையது. ஆனால் வெளியே ஒரு ஆளை அனுப்பவில்லை. எல்லாவற்றுக்கும் வெள்ளைக்கார மிஷனின் கையை எதிர்பார்த்தே பழகிவிட்டது. இது அசரியாவைக் குத்தியது.

ஊருக்குத் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 12 பிப்ரவரி 1903 அன்று பாளையங்கோட்டையிலே இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. திருநெல்வேலி ஜனங்கள் கொடுக்கும் பணம், திருநெல்வேலி ஆட்கள், அவர்களுடைய நிர்வாகம். எங்கே ஊழியர் இல்லையோ அங்கே போவது என்று தேடி, நிஜாமின் ஹைதராபாத் ராஜ்யத்திலே தோர்ணக்கல் பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர் தெரியாது, பாஷை தெரியாது. இரண்டு வருஷம் கழித்து, 25 டிசம்பர் 1905 அன்று வங்காளத்து சீராம்பூரிலே, வில்லியம் கேரியின் நூலகத்தில் கூடி தேசிய மிஷனெரி சங்கத்தையும் தொடங்கினார்கள். அதிலும் அசரியாவின் பங்கு பெரியது. 1907இல் டோக்கியோவில் நடந்த உலக மாணவர் மாநாட்டுக்கும் போய் வந்தார்.

இப்படி மற்றவர்களைப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தவருக்கு, ஒரு கட்டத்திலே மனசாட்சி தன்னையே கேட்டது. நீ ஏன் போகவில்லை? சென்னையிலே நல்ல வேலை, நாடெங்கும் பெயர், பிள்ளைகளுடன் குடும்பம். எல்லாவற்றையும் விட்டு ரயில் ஏற வேண்டும். புருஷன் மட்டும் தீர்மானித்தால் போதாது. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அல்லது விட்டுவிட்டுப் போக வேண்டும். அன்பு அம்மாளும் கூடவே கிளம்பினார். 1909இல் அசரியா குருப்பட்டம் பெற்றார். குடும்பம் தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தது.

கூடாரத்தில் குடித்தனம்

தோர்ணக்கல் ஒரு ரயில் ஜங்ஷன். இன்று தெலங்கானா மாநிலம் மகபூபாபாத் மாவட்டத்திலே இருக்கிறது. அன்று சுற்றிலும் காடும் மேடும். போனதும் தங்குவதற்கு வீடு கூடச் சரியாக இல்லை. கூடாரத்திலே தங்கினார்கள். முப்பத்தைந்து வயசிலே அசரியா தெலுங்கு அரிச்சுவடியைக் கையிலே எடுத்தார். அன்பு அம்மாளும் கற்றுக்கொண்டார். காய்கறி வாங்கவும், பக்கத்து வீட்டாரோடு பேசவும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சொல்லவும் முதலில் பாஷை வேண்டியது வீட்டுப் பெண்ணுக்குத்தானே!

அடுத்த வருஷமே, 1910 ஜூனில், ஸ்காட்லாந்திலே எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு. 1,200 பேருக்கு மேல் கூடிய அந்தச் சபையிலே ஆசியர் இருபது பேர்கூட இல்லை. அங்கே அசரியா எழுந்து, இந்திய ஊழியருக்கும் வெள்ளைக்கார மிஷனெரிக்கும் நடுவிலே உள்ள உறவைப் பற்றிப் பேசினார். எஜமான் – வேலைக்காரன் என்ற முறையிலே பழகுகிறீர்கள், ஒன்றாக வேலை செய்கிறோம், ஆனால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலே எங்களுக்கு இடம் இல்லை என்ற கருத்தைத் தெளிவாக வைத்தார். நீங்கள் செய்த தியாகங்களை மறக்கவில்லை, ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு என்று முடித்தார். சிலருக்கு முகம் சிவந்தது. சிலர் தலைகுனிந்தார்கள். ஆட்சி செய்கிற இனத்தாரின் ஊரிலேயே போய், அவர்களுடைய மேடையிலே நின்று, வசை இல்லாமல், கெஞ்சலும் இல்லாமல் இதைச் சொன்னவர் நம் கல்லூரி மாணவர் என்பதிலே நமக்குப் பெருமை உண்டு.

தோர்ணக்கலுக்கு ஒரு பேராயர் வேண்டும், அவர் இந்தியராக இருக்க வேண்டும் என்று சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் பாடுபட்டார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஒரு இந்தியனுக்குக் கீழே வெள்ளையர் வேலை செய்வதா என்று மிஷனெரிகளிலே சிலர் முணுமுணுத்தார்கள். நம்மவர்களிலேயும் சிலருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் 29 டிசம்பர் 1912 அன்று கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்திலே அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். வயசு முப்பத்தெட்டு.

இருவர் இழுத்த வண்டி

பேராயர் மாளிகை, பல்லக்கு, பரிவாரம் என்று யாராவது நினைத்தால் தப்பு. மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் கிராமம் கிராமமாகப் போனார். சுற்றுப்பயணத்திலே அன்பு அம்மாளும் வண்டியேறிப் போவார். ஆண்களைக் கூட்டி அவர் பேசினால், பெண்களை உட்கார வைத்து அம்மாள் பேசுவார். இதிலே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சபையிலே சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்ற இரண்டு தாழ்த்தப்பட்ட சமூகத்தார். நிலம் கிடையாது, எழுத்துக் கிடையாது. வீட்டுக்காரன் ஞானஸ்நானம் வாங்கினால் போதாது, வீட்டுக்காரி மாறாவிட்டால் அடுப்படியிலே ஒன்றும் மாறாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அதனாலேதான் தோர்ணக்கலில் ஊழியர்களைப் பயிற்றுவித்த முறை தம்பதி சகிதமாக இருந்தது. குருவாகவோ கிராம உபாத்தியாயராகவோ பயிற்சிக்கு வருகிறவன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவன் படிக்கும்போது அவளும் படிப்பாள். எழுதப் படிக்க, வேதம் வாசிக்க, பிள்ளையைச் சுத்தமாக வளர்க்க, துணி தைக்க. பயிற்சி முடிந்து கிராமத்துக்குப் போகும்போது ஒரு வாத்தியார் போவதில்லை, ஒரு குடும்பம் போகும். குடிசைகளின் நடுவிலே அந்தக் குடும்பம் வாழும் விதமே முதல் பிரசங்கம். புருஷன் பெண்டாட்டியை அடிக்காமல், குடிக்காமல், சேர்ந்து உட்கார்ந்து ஜெபம் செய்து, இருப்பதைக் கொண்டு கணக்காக வாழ்வதைப் பக்கத்து வீட்டார் தினம் பார்ப்பார்கள். இந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பதிலே அன்பு அம்மாள் தம்மைச் செலவழித்தார். கல்லூரிப் படிப்பு வீணாய்ப் போச்சே என்று திருநெல்வேலியிலே யாராவது பேசியிருந்தால், அதற்குப் பதில் அந்தப் பெண்கள்தான்.

சொந்த வீட்டையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் ஆறு பேர். வீட்டுக்காரர் மாதத்திலே பாதி நாள் கிராமங்களில். சில வருஷம் இங்கிலாந்து, ஐரோப்பா என்று கப்பல் பயணம். அந்தச் சமயமெல்லாம் வீடு ஓடியது அம்மாளின் கையிலே. வரலாற்றுப் புத்தகத்திலே இதற்குத் தேதி கிடையாது. எடின்பரோ பேச்சுக்குத் தேதி உண்டு, அந்தச் சமயம் தோர்ணக்கலில் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கைக்குத் தேதி கிடையாது.

நான்கு எதிரிகள்

அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும்தான் ஏழையின் எதிரிகள் என்று பேராயர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். ஆத்துமாவைப் பற்றிப் பேசுகிறவர் சாக்கடையைப் பற்றியும் பேசினார். கல்யாணத்துக்குக் கடன் வாங்கி, அந்தக் கடனுக்காக நிலச்சுவான்தாரிடம் அடிமையாகக் கிடப்பவனுக்கு எந்த உபதேசமும் பாதிதான் எட்டும். தன் கல்யாணத்தைக் கடனில்லாமல் செய்தவர் சொன்னதனாலே ஜனங்கள் காது கொடுத்தார்கள்.

காணிக்கை விஷயத்திலும் அவர் கறார். ஏழைதானே, கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிடுவது தயவு இல்லை, அவமானம் என்பது அவர் எண்ணம். திருநெல்வேலி வீடுகளிலே உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து ஆலயத்துக்கென்று தனிப் பானையிலே போடும் பழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பிடி அரிசிச் சபையிலே வளர்ந்தவர், தெலுங்கு ஏழைகளையும் கொடுக்கிறவர்களாக நிமிர்த்தினார். அறுப்புப் பண்டிகையிலே நெல், கோழி, பூசணிக்காய் என்று தலையிலே சுமந்து வருவார்கள். கை நீட்டி வாங்கியே பழகிய ஜனம், கை நீட்டிக் கொடுக்கப் பழகியது. பணத்தைவிட அது பெரிய மாற்றம். கிறிஸ்தவக் காணிக்கையைப் பற்றி அவர் எழுதிய சிறு புத்தகம் பல நாட்டுச் சபைகளிலே படிக்கப்பட்டது.

ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கை வைத்துக்கொள்ளச் சொல்வாராம். சுவிசேஷத்தை நான் சொல்லாமல் விட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் கருத்தைச் சொல்லி உறுதி எடுக்க வைப்பாராம். நேற்று வரை ஊருக்கு வெளியே நின்றவன், இன்று ஒரு பொறுப்புள்ள மனிதன். சுமார் 56,000 கிறிஸ்தவர்கள் என்று 1912இல் இருந்த அந்தப் பகுதிகளின் கணக்கு, 1941இல் 2,25,000 ஆனது.

மாலாவுக்கும் மாதிகாவுக்கும் நடுவிலேயே தீண்டாமை இருந்தது என்பது வெளியே தெரியாத கசப்பான உண்மை. ஒருவர் கிணற்றிலே மற்றவர் தண்ணீர் எடுக்க மாட்டார். சபைக்குள்ளே அதை விட முடியாது என்று பேராயர் நின்றார். விடுதியிலே ஒரே பந்தி, ஆலயத்திலே ஒரே பாத்திரம். இது ஒரே நாளிலே முடிந்த வேலை என்று சொன்னால் பொய். அவர் காலத்திலே முடியவில்லை, இன்றைக்கும் முழுசாக முடியவில்லை. ஆனால் அடித்தட்டு ஜனங்களின் வாழ்க்கை திருந்துவதைப் பார்த்து, அவர்களை ஒதுக்கி வைத்திருந்த மேல்சாதியாரிலும் பலர் அதே ஆலயத்தைத் தேடி வந்தார்கள். தீண்டக்கூடாது என்று சொன்னவர்களே பக்கத்திலே வந்து உட்கார்ந்தார்கள் என்றால் அது சின்ன காரியமா?

தோர்ணக்கலிலே அவர் கட்டிய பேராலயமும் இதே கதையைக் கல்லிலே சொல்லுகிறது. இந்துக் கோயில் மாதிரித் தூண்கள், மசூதி மாதிரிக் குவிமாடங்கள், நடுவிலே சிலுவை. இங்கிலாந்துக் கோபுரத்தைக் காப்பியடிக்கவில்லை. பணம் வரவர, நின்று நின்று ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் கட்டி, 6 ஜனவரி 1939 அன்று பிரதிஷ்டை செய்தார்கள்.

கேம்பிரிட்ஜும் தாம்பரமும்

பட்டம் வாங்காத மாணவர் என்று தொடங்கினேன் அல்லவா? 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு எல்.எல்.டி. கௌரவப் பட்டம் கொடுத்தது. கணிதப் பரீட்சை எழுதாமல் போனவருக்கு, கணிதத்துக்குப் பேர்போன ஊரிலே சட்ட டாக்டர் பட்டம்! தோர்ணக்கல் கிராமத்துக் கிழவிகளுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. அவர்களுக்கு அவர் அப்பாதான்.

1929 முதல் இந்தியத் தேசியக் கிறிஸ்தவ கவுன்சிலுக்குத் தலைவராக இருந்தார். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, வேண்டாம் என்று எதிர்த்தார். கிறிஸ்தவன் தனக்கென்று வேலி போட்டுக்கொண்டால் அண்டை வீட்டானுக்கு அந்நியனாகிவிடுவான் என்பது அவர் பார்வை. மதமாற்றம் குறித்து காந்தியடிகளோடு அவருக்குக் கருத்து வேறுபாடு கடுமையாகவே இருந்தது. இருவருமே ஏழைகளை நேசித்தார்கள், வழிதான் வேறு. தாழ்த்தப்பட்டவனுக்குத் தன் மதத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் புத்தியும் உரிமையும் உண்டு என்பதிலே பேராயர் விட்டுக்கொடுக்கவில்லை. இதிலே யார் பக்கம் நியாயம் என்று நம் கல்லூரி விடுதிகளிலே விடிய விடிய விவாதித்த தலைமுறைகள் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

1938 டிசம்பரிலே உலக மிஷனெரி மாநாடு தாம்பரத்திலே, நம் புதிய வளாகத்திலே கூடியது. உலகின் நாலாபக்கத்திலிருந்தும் 400க்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தார்கள். 1910இல் விரல்விட்டு எண்ணும்படி இருந்த ஆசியரும் ஆப்பிரிக்கரும் இங்கே பெருங்கூட்டமாக வந்திருந்தார்கள். அதை வரவேற்று நின்ற இந்தியத் தலைவர்களிலே முதன்மையானவர் அசரியா. எஸ்பிளனேடிலிருந்து வெறுங்கையோடு வெளியே போனவர், தாம்பரத்துக்கு அப்படித் திரும்பி வந்தார்.

அவருக்கு இன்னொரு கனவு இருந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் என்று வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? 1919இல் தரங்கம்பாடியிலே கூடி ஒற்றுமைக்கு வித்திட்டவர்களிலே அவர் முக்கியமானவர். பேச்சு வார்த்தை இருபத்தெட்டு வருஷம் இழுத்தது. தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 27 செப்டம்பர் 1947 அன்று. அதைப் பார்க்க அவர் இல்லை. சுற்றுப்பயணம் முடித்து வந்தவர் காய்ச்சலில் படுத்து, 1 ஜனவரி 1945 அன்று தோர்ணக்கலிலே கண்மூடினார். எழுபது வயசு. நாற்பத்தாறு வருஷம் ஒன்றாக நடந்த துணை பக்கத்தில் இருக்க, பிறந்த மண்ணைவிட்டு வெகுதூரத்திலே, தத்தெடுத்துக்கொண்ட மண்ணிலேயே அடக்கமானார்.

நமக்கென்ன?

ஆண்டுக் கூட்டத்திலே சந்திக்கும்போது நாம் முதலில் விசாரிப்பது, பிள்ளை என்ன படிக்கிறான், எங்கே வேலை, கல்யாணம் ஆச்சா என்பதைத்தான். அதிலே தப்பில்லை. ஆனால் அடுத்த கேள்விக்கு வரும்போதுதான் நம் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடுகிறது. எவ்வளவு போட்டாங்க? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. சட்டம் புத்தகத்திலே இருக்கிறது. டாக்டர் மாப்பிள்ளைக்கு ஒரு விலை, என்ஜினீயருக்கு ஒரு விலை, அமெரிக்கா மாப்பிள்ளைக்கு ஒரு விலை என்று சந்தை மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. நம் கல்லூரி கொடுத்த பட்டத்தையும் அந்தத் தராசிலே ஏற்றித்தான் பார்க்கிறோம். இந்துவும் கிறிஸ்தவனும் முஸ்லிமும் இந்த விஷயத்திலே மட்டும் ஒற்றுமையாக இருக்கிறோம்!

அந்தத் தராசிலே ஏற்றுவதற்கு அசரியாவிடம் பட்டமே இல்லை. இருந்திருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டார். எதையும் விலை பேசாமல் கைபிடித்த பெண், விலை மதிக்க முடியாத துணையாக வந்தார். பேராயர் என்ற பெயர் ஒருவருக்குக் கிடைத்தது. வேலையை இருவர் செய்தார்கள். மேடையிலே ஒருவர் சமத்துவம் பேச, வீட்டிலே அது நடந்தது. அதனாலேதான் மேடைப்பேச்சு எடுபட்டது.

எல்லாரும் தோர்ணக்கலுக்குப் போக முடியாது. எல்லாரும் போகவும் வேண்டியதில்லை. ஆனால் நம்மிலே பலருடைய வீட்டிலே கல்யாண வயசிலே பிள்ளைகள் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டாராக உட்காரும் நாள் வரும். அன்றைக்கு 1898இல் திருநெல்வேலியிலே நடந்த அந்த எளிய கல்யாணம் நம்மில் நாலு பேருக்காவது ஞாபகம் வந்து, பேச வேண்டிய இடத்திலே பேசாமல் இருந்துவிட்டால், ஒரு பெண்ணைப் பெற்ற தகப்பன் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவான். நம் பழைய மாணவருக்கு நாம் செய்யும் மரியாதையும் அதுவாகவே இருக்கும்.